சில்லறையாய் நிற்கும் கிரிப்டோ: எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2021இல் எல்லோரையும் போல நானும் கிரிப்டோவில் இறங்கினேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விற்று, ஐம்பதாயிரம் நட்டத்தோடு வெளியே வந்தேன். ஆனால் மிச்சம் மீதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான இந்திய எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் 0.00004 பிட்காயினும், ஷிபா இனு என்ற காசு 25,000மும் இருக்கின்றன. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் 2.3 மேட்டிக். காசை நாமே வைத்துக்கொள்ளும் கைபேசி வாலட்டில், டிரான் என்ற பிளாக்செயின் வலையில் 6 யுஎஸ்டிடி, அதாவது டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் காசு. பிறகு அதே வாலட்டில் எக்ஸ்ஆர்பி என்ற காசு 10. 2022இல் 60 எக்ஸ்ஆர்பியை விற்பதற்காக அனுப்பியபோது 50 மட்டுமே போனது, பத்து நகரவே இல்லை. அதைச் செத்த காசு என்று விட்டுவிட்டேன். போதாக்குறைக்கு, நான் வாங்காத ஒரு டோக்கன் அதே வாலட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு 4,800 டாலர் மதிப்பு என்று காட்டுகிறது. எல்லாச் செயலிகளையும் அழித்துவிடுங்கள் என்கிறார் மனைவி. வைத்திரு, ஒருநாள் லட்சங்களாகும் என்கிறார் அலுவலக நண்பர். நான் என்ன செய்யட்டும்?

பதில்: ஐம்பதாயிரம் நட்டத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு, மிச்சத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பலரும் இப்படித்தான். போன பணத்துக்கு மனம் பழகிவிடுகிறது, கண்ணெதிரே நிற்கும் சில்லறைதான் உறுத்துகிறது. உங்கள் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு என்பதால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

நீங்கள் செத்த காசு என்று எழுதியிருக்கும் அந்தப் பத்து எக்ஸ்ஆர்பியிலிருந்து தொடங்குகிறேன். அது சாகவில்லை. எக்ஸ்ஆர்பி ஓடும் வலையான எக்ஸ்ஆர்பி லெட்ஜரில் ஒரு முகவரி உயிரோடு இருக்க வேண்டுமானால், அதில் குறிப்பிட்ட அளவு காசு எப்போதும் இருந்தாக வேண்டும். வங்கிக் கணக்கின் குறைந்தபட்ச இருப்பைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு அது 20 எக்ஸ்ஆர்பியாக இருந்தது. 2021இல் 10 ஆகக் குறைத்தார்கள். நீங்கள் விற்கப் பார்த்தபோது நகராமல் நின்றது அந்தப் பத்துதான். 2024 டிசம்பரில் அதை 1 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆக, இன்றைக்கு உங்கள் பத்தில் ஒன்பது எக்ஸ்ஆர்பியை எடுக்கலாம். மூன்று ஆண்டுகளாக நீங்கள் அந்தப் பக்கம் பார்க்காததால் இது உங்களுக்குத் தெரியவில்லை. ஒரு எக்ஸ்ஆர்பி 150 ரூபாய் என்று வைத்தால் அது 1,350 ரூபாய். உங்கள் மிச்சங்களிலேயே பெரிய தொகை இதுதான். அனுப்பும் செலவும் இந்த வலையில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. வழக்கமான கட்டணம் 0.00001 எக்ஸ்ஆர்பி.

எடுக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்ஆர்பி அனுப்பும்போது முகவரி மட்டும் போதாது, 'டெஸ்டினேஷன் டேக்' என்ற எண்ணும் வேண்டும். எக்ஸ்சேஞ்சின் முகவரி எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவானது. அந்த எண்ணை வைத்துத்தான் பணம் யாருடையது என்று பிரிக்கிறார்கள். எண்ணைப் போடாமல் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் இந்திய எக்ஸ்சேஞ்ச் வெளியிலிருந்து எக்ஸ்ஆர்பியை ஏற்கிறதா, குறைந்தபட்ச டெபாசிட் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு, முதலில் ஒன்றை மட்டும் அனுப்புங்கள். அது வந்து சேர்ந்தபின் மீதியை அனுப்பலாம்.

இனி உங்கள் நண்பர் சொன்னதைப் பார்ப்போம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. 2010இல் பிட்காயினின் தொடக்ககால நிரலாளர் கேவின் ஆண்ட்ரீசன் நடத்திய இணையதளம் ஒன்றில், கேட்டவர்களுக்கெல்லாம் ஐந்து பிட்காயினை இலவசமாகக் கொடுத்தார்கள். அன்று அதற்கு ஏறத்தாழ மதிப்பே கிடையாது. அப்படி வாங்கியதை மறந்துபோய்ப் பின்னாளில் கண்டெடுத்தவர்களின் கதைகள்தான் இந்த நம்பிக்கைக்கு வேர். ஆனால் அவர்கள் வைத்திருந்தது ஐந்து முழு பிட்காயின். உங்களிடம் இருப்பது 0.00004. ஒரு பிட்காயினுக்குப் பத்துக் கோடி சடோஷி. உங்களிடம் இருப்பவை 4,000 சடோஷி. ஒரு பிட்காயின் 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டால் அது 320 ரூபாய். விலை பத்து மடங்கு ஏறி எட்டுக் கோடியானாலும் 3,200 ரூபாய்தான். அதற்கு மேல் அந்த எண்ணிக்கைக்குள் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

ஷிபாவின் கணக்கு இன்னும் தெளிவானது. புழக்கத்தில் இருக்கும் ஷிபா இனு ஏறத்தாழ 589 லட்சம் கோடி. ஒரு ஷிபா ஒரு ரூபாயைத் தொட வேண்டுமானால் மொத்த மதிப்பு 589 லட்சம் கோடி ரூபாயாக வேண்டும். இந்தியாவின் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியே 2024-25இல் சுமார் 330 லட்சம் கோடி. உங்கள் 25,000 ஷிபா 25,000 ரூபாயாகும் நாளுக்காகக் காத்திருக்கிறோம் என்று நண்பர் சொன்னால், இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

எனவே இந்திய எக்ஸ்சேஞ்சில் இருக்கும் இரண்டையும் விற்றுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. இப்படி ஒட்டிக்கொண்டு நிற்கும் சில்லறையை 'டஸ்ட்' என்பார்கள். தூசி என்றே பொருள். விற்கும்போது எக்ஸ்சேஞ்ச் ஏற்கும் தசம இடங்களுக்கு மேல் இருப்பது தங்கிவிடும், கட்டணம் கழிந்ததில் ஒரு துளி நின்றுவிடும். பல எக்ஸ்சேஞ்சுகளில் குறைந்தபட்ச ஆர்டர் தொகை இருப்பதால் 320 ரூபாய் பிட்காயின் விற்கும், ஷிபா விற்காமல் போகலாம். சில இடங்களில் சிறு இருப்புகளை ஒன்றாகத் திரட்டி ஒரே காசாக மாற்றித் தரும் வசதி உண்டு. இல்லையென்றால், குறைந்தபட்சத்தை எட்டுவதற்காக இன்னும் கொஞ்சம் ஷிபா வாங்கிச் சேர்த்து விற்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பத்து இருபது ரூபாயை மீட்க ஒரு புதிய கொள்முதலும் அதற்கொரு வரிக் கணக்கும் தேவையில்லை. அது அங்கேயே கிடக்கட்டும்.

வரி என்றதும் பலர் தவறாக நினைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கர்களுக்காக எழுதப்பட்ட ஆலோசனைகளைப் படித்துவிட்டு, 'மிச்சத்தை நட்டத்துக்கு விற்றால் வரி மிச்சமாகும்' என்று என்னிடம் வந்து சொல்கிறார்கள். அது அவர்கள் நாட்டுச் சட்டம். இங்கே 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு நேராக 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு காசில் வந்த நட்டத்தை இன்னொரு காசின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. புதிய வருமான வரிச் சட்டம் வந்த பின்னும் இந்த விதிகள் அப்படியே தொடர்கின்றன. ஆகவே ஷிபாவை நட்டத்துக்கு விற்பதால் உங்களுக்கு வரியில் ஒரு ரூபாயும் மிச்சமில்லை. உங்கள் ஐம்பதாயிரம் நட்டத்தில் 2022 ஏப்ரலுக்குப் பின் விற்ற பகுதிக்கும் இதே கதிதான். இந்த விதி சிறு முதலீட்டாளருக்கு நியாயமானது என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் சட்டம் இருக்கிறபடிதான் நாம் கணக்கு எழுத வேண்டும்.

உங்கள் எக்ஸ்ஆர்பியையே எடுத்துக்கொள்வோம். ஒன்று 60 ரூபாய்க்கு வாங்கியது என்று வையுங்கள். ஒன்பதின் கொள்முதல் விலை 540. விற்றது 1,350. லாபம் 810. முப்பது சதவீதம் 243 ரூபாய், அதன்மேல் நான்கு சதவீதக் கூடுதல் தீர்வை 9.72, மொத்தம் 252.72. விற்கும்போது எக்ஸ்சேஞ்ச் ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடித்திருந்தால் அந்த 13.50 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்ட வேண்டும். இந்தக் கணக்குக்குத் தேவையானது நீங்கள் வாங்கிய விலைக்கு ஆதாரம். அது இல்லையென்றால் 540 ரூபாயைக் கழித்ததை நிரூபிக்க வழியில்லை. அதனால்தான் எக்ஸ்சேஞ்ச் கணக்கை மூடுவதற்கு முன், 2021 முதல் இன்று வரையிலான முழுப் பரிவர்த்தனை அறிக்கையையும் இறக்கிச் சேமித்துக்கொள்ளச் சொல்கிறேன். கணக்கை மூடிய பிறகு அதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

ஒரு காசைக் கொடுத்து இன்னொரு காசாக மாற்றினாலும் அது விற்பனைதான். சிறு இருப்புகளைத் திரட்டும் அந்த வசதியும் இதில் அடங்கும். ரூபாய் கைக்கு வரவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். இப்படி விற்ற ஆண்டில் எளிய ஐடிஆர்-1 படிவத்தைப் பயன்படுத்த முடியாது. ஐடிஆர்-2 போட்டு, மெய்நிகர் டிஜிட்டல் சொத்துக்கான (சட்டம் கிரிப்டோவை அப்படித்தான் அழைக்கிறது) அட்டவணையை நிரப்ப வேண்டும். என்னிடம் வந்த ஓர் ஆசிரியை 412 ரூபாய்க்கு மிச்சத்தை விற்றிருந்தார். நான்கு ரூபாய் சொச்சம் டிடிஎஸ் பிடித்திருந்தார்கள். அந்த நான்கு ரூபாய் பிடித்த வரியைக் காட்டும் அவருடைய 26ஏஎஸ் அறிக்கையில் ஏறியிருந்தது. அவரோ வழக்கம்போல ஐடிஆர்-1 போட்டுவிட்டார். திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து சரிசெய்தோம், சிக்கல் ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு ரூபாய்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட முடியாது. கிரிப்டோ வருமானத்தைக் காட்டாதவர்களுக்கு 2025இல் வரித்துறை மின்னஞ்சல்களையே அனுப்பியது. ஆகவே ஒரு யோசனை: விற்பதையெல்லாம் ஒரே நிதியாண்டுக்குள் விற்றுவிடுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பரப்பினால் இரண்டு முறை ஐடிஆர்-2.

வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் இருக்கும் மேட்டிக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் மேட்டிக், பிஓஎல் என்ற புதிய காசாக மாறியது. பெரிய எக்ஸ்சேஞ்சுகள் தாங்களாகவே மாற்றிக் கொடுத்துவிட்டன. எத்தீரியம் வலையில் சொந்த வாலட்டில் வைத்திருந்தவர்கள்தாம் தாங்களே மாற்ற வேண்டும். ஒருமுறை உள்ளே போய் பிஓஎல் என்று காட்டுகிறதா பாருங்கள். இந்திய நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்யாத வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் ஒன்பதுக்கு 2023 டிசம்பரில் நோட்டீஸ் போனது. 2024 தொடக்கத்தில் அவற்றின் செயலிகள் இங்கே முடக்கப்பட்டன. பிறகு சில நிறுவனங்கள் அபராதம் கட்டிப் பதிவு செய்துகொண்டு திரும்பின. உங்களுடையது திரும்பியிருந்தால் மாற்றி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், முடக்கத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக வழி தேடுவதற்கு 2.3 மேட்டிக் பெறுமானம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் வரை, ஐடிஆர்-2இல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்டிவிடுவது என் வழக்கம். அசையாச் சொத்து நீங்கலாக 20 லட்சத்துக்கு உட்பட்ட வெளிநாட்டுச் சொத்தைக் காட்ட விட்டுப்போனதற்குக் கறுப்புப் பணச் சட்டத்தின் பத்து லட்சம் அபராதம் 2024 அக்டோபர் முதல் கிடையாது. எனவே பயத்தால் இதைச் சொல்லவில்லை. ஒரு வரி எழுதுவதால் நமக்குக் குறைவது எதுவுமில்லை.

டிரானில் இருக்கும் ஆறு யுஎஸ்டிடி உங்கள் கணக்கில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஆனால் அதை அசைக்க, அந்த வாலட்டில் டிஆர்எக்ஸ் என்ற வேறொரு காசு இருக்க வேண்டும். யுஎஸ்டிடி அனுப்பினாலும் கட்டணம் டிஆர்எக்ஸில்தான் போகும். பெட்டி நிறையச் சரக்கு இருந்தும் லாரிக்கு டீசல் இல்லாத நிலை உங்களுக்குப் புரியும். ஒரு பரிமாற்றத்துக்குச் சில டிஆர்எக்ஸ் முதல் பத்துக்கும் மேல் வரை செலவாகும். அதை எக்ஸ்சேஞ்சில் வாங்கி, வெளியே எடுக்கும் கட்டணம் கட்டி, வாலட்டுக்கு அனுப்பி, பிறகு யுஎஸ்டிடியை நகர்த்தினால் கையில் மிஞ்சுவது பாதிதான் இருக்கும். அந்தச் செலவை வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. எனவே அதை அங்கேயே விடலாம். பின்னால் வேறு காரணத்துக்காக டிரான் வலையைப் பயன்படுத்த நேர்ந்தால் அப்போது எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறான பாடமும் இதிலேயே இருக்கிறது: சொந்த வாலட் வைத்திருக்கும் எவரும் அந்தந்த வலையின் காசில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்க வேண்டும். எத்தீரியத்தில் ஈத்தர், டிரானில் டிஆர்எக்ஸ், சொலானாவில் எஸ்ஓஎல். துடைத்தெடுத்துவிட்டால் மற்ற டோக்கன்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும். வைத்திருப்பதற்குப் பயன் உள்ள சில்லறை என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் 4,000 சடோஷி எக்ஸ்சேஞ்சில் இல்லாமல் சொந்த பிட்காயின் வாலட்டில் இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும். பிட்காயின் வலையில் கட்டணம் தொகையைப் பொறுத்ததல்ல. பரிவர்த்தனை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கோடியை அனுப்பினாலும் முந்நூறை அனுப்பினாலும் அதே இடம், ஏறத்தாழ 110 அலகு. அலகுக்கு 2 சடோஷி கட்டணம் போகும் அமைதியான நாளில் 220 சடோஷி, நம் கணக்கில் பதினெட்டு ரூபாய். அலகுக்கு 50 சடோஷி என்று ஏறிவிட்டால் 5,500. உங்களிடம் இருக்கும் காசைவிடக் கட்டணம் அதிகம். 2024 ஏப்ரல் 20 அன்று சராசரிக் கட்டணம் நூறு டாலரைத் தாண்டியது. எனவே அப்படி வைத்திருப்பவர்கள் கட்டணம் தணியும் நாளுக்காகப் பொறுத்திருந்து, துண்டு துண்டாக இருப்பதை ஒன்றாகச் சேர்த்துவைப்பது நல்லது.

இப்போது அந்த 4,800 டாலர் டோக்கன். அதைத் தொடாதீர்கள். விற்கப் பார்க்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், அதன் பெயரிலோ குறிப்பிலோ இருக்கும் இணையதளத்துக்குப் போகாதீர்கள். யாரும் யாருக்கும் எந்த டோக்கனையும் அனுப்பலாம். திரையில் காட்டும் விலை, அனுப்பியவரே செயற்கையாக உண்டாக்கியதாக இருக்கலாம். விற்கப் போனால் ஓர் இணையதளம் உங்கள் வாலட்டை இணைக்கச் சொல்லும், ஓர் அனுமதியில் ஒப்புதல் கேட்கும். அந்த ஒப்புதலோடு உள்ளே இருக்கும் உண்மையான காசு போய்விடும். வாலட்டில் அந்த டோக்கனை மறைத்துவைக்கும் வசதி இருக்கும், மறைத்துவிடுங்கள். நீங்கள் போடாத சில்லறை உங்கள் வாலட்டில் எப்போது வந்தாலும் இதே விதிதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு சூது உண்டு. நீங்கள் வழக்கமாகப் பணம் அனுப்பும் முகவரியைப் போலவே முதல் சில எழுத்துகளும் கடைசிச் சில எழுத்துகளும் அமைந்த ஒரு முகவரியிலிருந்து ஒரு துளியை அனுப்பிவைப்பார்கள். அது உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் ஏறும். அடுத்த முறை நீங்கள் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுத்தால் பணம் அவர்களுக்குப் போகும். 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படி ஏறத்தாழ 6.8 கோடி டாலர் மதிப்புள்ள காசை அனுப்பிவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பின் பெரும்பகுதி திரும்பி வந்தது. எல்லோருக்கும் அப்படி வராது. எக்ஸ்ஆர்பியை அனுப்பும்போது முகவரியை எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் பக்கத்திலிருந்தே எடுங்கள்.

செயலிகளை அழிக்கச் சொல்கிற உங்கள் மனைவியின் யோசனைக்கு வருகிறேன். இது பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

கடந்த ஆண்டு, கணவரை இழந்த ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் கணவருடைய கைபேசி. மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, அதன்மேல் ஒட்டுநாடா. உள்ளே நான்கு கிரிப்டோ செயலிகள். ஒவ்வொன்றிலும் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது, எவ்வளவு என்று தெரியவில்லை. எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் இணைப்பு போய்விட்டது, ஓடிபி வராது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பான் நகல் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக அனுப்பினோம். மூன்று மாதங்களுக்குப் பிறகு நான்கிலிருந்தும் சேர்த்து வந்தது 2,140 ரூபாய். "இதற்காகவா இவ்வளவு அலைந்தேன், சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இரண்டாயிரமா இரண்டு லட்சமா என்று தெரியாததால்தான் அவர் அலைந்தார். தெரிந்திருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார்.

எக்ஸ்சேஞ்சில் சில்லறை கிடக்கும் வரை உங்கள் ஆதார், பான், வங்கி விவரமெல்லாம் அங்கே ஒரு திறந்த கணக்கோடு கிடக்கின்றன. வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் 2024 ஜூலை 18 அன்று 23 கோடி டாலருக்கு மேல் திருடுபோனபோது, சிறிய இருப்பு வைத்திருந்தவர்களும் பெரிய இருப்பு வைத்திருந்தவர்களும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். வர்த்தகம் மீண்டும் தொடங்க 2025 அக்டோபர் ஆயிற்று. 320 ரூபாய்க்காக அந்த வரிசையில் நிற்க வேண்டாம். விற்று, பணம் வங்கிக்கு வந்ததும், அறிக்கையை இறக்கிக்கொண்டு, கணக்கை முறைப்படி மூடச் சொல்லி விண்ணப்பியுங்கள். செயலியை அழிப்பது கணக்கை மூடுவது ஆகாது.

கைபேசி வாலட்டிலோ நிலைமை தலைகீழ். அங்கே செயலியை அழித்தாலும் காசு வலையில் அப்படியே இருக்கும். அதற்கான வழிதான் அழியும். அந்த வழி, வாலட்டைத் தொடங்கியபோது திரையில் வந்த பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். எக்ஸ்ஆர்பி, யுஎஸ்டிடி எல்லாவற்றுக்கும் சாவி அதுதான். 2021இல் அதை எழுதிவைத்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இன்றிரவே தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால், செயலி இன்னும் திறக்கும்போதே, அமைப்புகள் பக்கத்தில் போய் அந்தச் சொற்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படம் பிடிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

பிறகு மனைவியை உட்காரவைத்து, இன்னொரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள். எங்கே என்ன இருக்கிறது, அது எத்தனை ரூபாய், எதை எடுத்தாயிற்று, எதை விட்டாயிற்று, எதைத் தொடக் கூடாது. ஆறு யுஎஸ்டிடிக்கு எதிரே 'விட்டுவிடலாம்' என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும். அதை எழுதி முடித்த பிறகு செயலியை அவர் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ஆர்பி எக்ஸ்சேஞ்சுக்கு வந்து சேர்ந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதினால் மகிழ்வேன்.